மூன்றாவது சரணம்

புதுச்சேரி உப்பளம் மைக் செட் வடிவேலுக்கு இந்த வாழ்க்கையில் பாக்கி இருந்தது ஒரே ஓர் ஆசை. தன்னிடம் இருக்கும் ஒரு ரெக்கார்டை, பக்கத்தில் பிணம் எதுவும் இல்லாமல், முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும்.

ஊரில் அவனவன் கடற்கரைப் பக்கம் வீடு வேண்டும், பிள்ளை பாரீசில் குடியேற வேண்டும் என்று சாமியை நச்சரித்துக்கொண்டிருக்கையில், இத்தனை அடக்கமான கோரிக்கையை எந்தத் தெய்வமும் உடனே ஒப்புக்கொண்டிருக்கும். ஆனால் அந்த ரெக்கார்டு லேசுப்பட்டதல்ல. அது ஒலித்தால் எங்கோ ஒரு வாசலில் பாடை கட்டி முடித்தாகிவிட்டது என்று பொருள். அந்தப் பாட்டு காதில் விழுந்த மாத்திரத்தில் உப்பளத்துப் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு, சாவு யார் வீட்டில் என்று தெருவுக்கு வருவார்கள்.

இந்தப் பெருமை அதற்கு வந்து சேர்ந்ததே ஒரு தவறினால்தான். வடிவேல் மீசை அரும்பிய புதிதில், முதலாளிக்குக் காய்ச்சல் என்று தனியாக வைத்திக்குப்பத்துக்கு ஒரு சாவு வீட்டுக்கு மைக் செட் கொண்டுபோனான். அவசரத்தில் தூக்கி வந்தது கல்யாணப் பெட்டி. உள்ளே இருந்ததெல்லாம் மாப்பிள்ளை அழைப்புப் பாட்டு. அடியில் ஒரே ஒரு தட்டு மட்டும் பேர் ஊர் தெரியாமல் கிடந்தது. வந்த வேகத்தில் பெட்டிக்குள் திரும்பிவிட்ட ஏதோ ஒரு படத்தின் பாட்டு. மூடப்போகும் கடையில் மொத்தமாக வாங்கியபோது ஒட்டிக்கொண்டு வந்தது. அதுவரை அதன்மேல் முள்ளே பட்டதில்லை. செத்தவரின் மச்சான் முறைத்துக்கொண்டு நின்றதால், வடிவேல் கண்ணை மூடிக்கொண்டு அதைப் போட்டான்.

ஒரு பெண் குரல். கப்பலேறிப் போகிற யாரையோ வழியனுப்புகிறது. முதல் சரணத்திலேயே, அதுவரை அழாமல் இருந்த மூத்த மருமகள் மார்பில் அடித்துக்கொண்டாள். இரண்டாவதில் மச்சானே உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது சரணம் தொடங்கி, அந்தக் குரல் "வா" என்று நீட்டியதுதான் தாமதம், பாடை கட்டும் அம்மாவாசை தோள் துண்டை உதறினார். "தூக்குடா!" பறை முழங்கியது. உடல் தரையைவிட்டு எழும்பினால் மைக் செட் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. வடிவேல் முள்ளைத் தூக்கினான்.

அன்றைக்குத் தூக்கியதுதான். அதன்பிறகு எந்தச் சாவு வீட்டிலும், "அந்தப் பாட்டு கீதுல்ல?" என்று கேட்காமல் ஒருவரும் வடிவேலைக் கூப்பிட்டதில்லை. தூக்குகிறவர்கள் நல்ல நேரம் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். "வா" வந்தால் தூக்கு. அவ்வளவுதான் பஞ்சாங்கம். கடைசியில் அம்மாவாசையையும் அதே "வா"வில்தான் தூக்கினார்கள். ஆக, ஊரையே ஒப்பாரி வைக்கச் செய்த அந்தப் பாட்டின் மூன்றாவது சரணத்தில் என்ன இருக்கிறது என்று புதுச்சேரியில் ஒரு குஞ்சுக்கும் தெரியாது. வடிவேலுக்கும் தெரியாது. தலைமுடி நரைத்து, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, கூம்புக் குழாயெல்லாம் ஓய்வு பெற்ற பிறகும் தெரியாது.

முயற்சி செய்யாமல் இல்லை. ஒருமுறை கடையில் சத்தத்தைக் குறைத்துவைத்துப் போட்டுப் பார்த்தார். முதல் சரணம் முடிவதற்குள், மாடியில் படுத்த படுக்கையாக இருந்தவரின் மகன் இறங்கிவந்து சட்டையைப் பிடித்தான். "எங்கப்பன் இன்னும் சாவலயா, அதுக்குள்ள உனுக்கு இன்னா அவசரம்?" அப்பா மறுவாரமே அவசரப்பட்டுப் போய்ச் சேர்ந்ததால், கதை தெருவெல்லாம் பரவியது. அத்தோடு கடையிலும் முடியாது என்றாயிற்று. வீட்டில் வாசற்படிக்கு உள்ளேயே அந்தத் தட்டு வரக்கூடாது என்று மனைவி குஞ்சம்மாளின் உத்தரவு. மருமகன் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, "மாமா, அப்படி ஒரு படமே வர்ல போல" என்று கையை விரித்துவிட்டான்.

வடிவேல் பகுத்தறிவுக் கூட்டத்துக்கும் தீமிதிக்கும் ஒரே ஆம்ப்ளிஃபையரில் சேவை செய்தவர். பேய் பிசாசை நம்புகிற ஆளில்லை. நம்பாததைப் பற்றி எந்நேரமும் நினைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான் மூலக்குளம் கலைவாணனின் சபை அவருக்குக் கிடைத்தது. பொதுப்பணித்துறையில் ஓய்வுபெற்ற கலைவாணன், பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்றை வாங்கி, ஞாயிறு மாலைகளில் தன் ஹாலில் "இசைத்தட்டு அன்பர்கள் அவை" நடத்திவந்தார். ஆளுக்கு ஒரு பிரியமான தட்டைக் கொண்டுவந்து, அது கிளப்பும் நினைவைச் சொல்லிவிட்டுப் போட வேண்டும். அவைக்கு ஒரே விதி. கலைவாணனே யோசித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியது: தட்டு முடியும்வரை யாரும் பேசக்கூடாது, எழக்கூடாது, முள்ளைத் தொடக்கூடாது.

அந்தச் சட்டத்தை முதன்முதலாகப் படித்த அன்று வடிவேலுக்கு முதுகுத்தண்டில் சிலிர்த்தது. உலகத்திலேயே முள்ளைத் தூக்கச் சட்டப்படி தடை உள்ள ஒரே இடம்! அவசரப்படாமல் பல மாதங்கள் காதல் பாட்டாகவும் தாலாட்டாகவும் கொண்டுபோய் நல்ல பெயர் எடுத்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொபெட் பெட்டியில் துணி சுற்றி அந்தத் தட்டை வைத்தார்.

குஞ்சம்மாளுக்குக் கண் எப்போதும் அந்தப் பெட்டியின்மேல்தான்.

"இன்னாயா அது, துணிக்குள்ள?"

"ரெக்கார்டு."

"எந்த ரெக்கார்டு?"

வடிவேல் மொபெட்டை மிதித்தார். அது கிளம்பவில்லை. மறுபடி மிதித்தார். அதற்கும் விஷயம் தெரிந்திருந்தது போலும்.

"யோவ், நாலு சனம் கூடிப் பேசுற எடத்துக்கு அத்தையா எடுத்துக்கினு போற? போ. ஆனா போயிட்டு ராத்திரி வந்து கதவத் தட்டாத. அத்தக் கேட்டுட்டு வந்த காலு என் வாசப்படியில படக்கூடாது."

"வெறும் பாட்டுடி."

"நீ போட்ட வூட்டுல எல்லாம் ஒரு ஆளு கொறஞ்சிருக்குய்யா. கணக்குப் பாத்துக்க."

வழியெங்கும் கண்ணீர் அஞ்சலி பேனர்கள். ஒன்றில் கயிறு அறுந்து, செத்தவரின் முகம் பாதி மடிந்து, மீதிக் கண்ணால் வடிவேலை மட்டும் பார்த்தது. வில்லியனூர் சாலையில் ஒரு நாய் மொபெட்டைத் துரத்திவந்து, பெட்டியை மோந்துவிட்டு, வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு திரும்பியது. அதன் ரசனைக் குறைவு என்று வடிவேல் எடுத்துக்கொண்டார்.

கலைவாணன் வீட்டில் இன்னொரு ஆபத்து இருந்தது. உள்ளறையில் அவருடைய மாமியார் செல்வாம்பாள் படுத்திருந்தாள். அவள் புருஷன் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அவர் போன பிறகு பென்ஷன் கிழவிக்கு வந்துகொண்டிருந்தது. வேறு வீடுகளில் மாமியார் எப்போது போவாள் என்று மருமகன்கள் ஏங்கலாம். கலைவாணனோ, அத்தை உயிரோடுதான் இருக்கிறாள் என்று பிரான்சுக்கு வருஷா வருஷம் எழுதிக்கொடுக்கிறவர். அவள் தும்மினால் அவருக்கு வியர்க்கும். அந்த வருஷத்துச் சான்றிதழ் இன்னும் போகவில்லை. கிழவியோ மழைக்காலத்திலிருந்து கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

முதலில் அப்துல் கையூம் போட்டார். காந்தி வீதிப் பக்கம் அத்தர் கடை வைத்திருப்பவர். அவர் தட்டு ஒரு பழைய காதல் பாட்டு. "எங்கண்ணன் சைகோனுக்குக் கப்பலேறப் போறப்ப எதுத்த டீக்கடைல இது ஓடிச்சு. பஸ்ஸு கெளம்பிட்ச்சு. பாட்ட முழுசா கேட்டுட்டு வந்துர்றேன்னு எறங்கிட்டார். அடுத்த பஸ்ல போனாரு."

"அப்புறம்?"

"முதல் பஸ்ல போனவங்க எல்லாம் நல்லா இருக்காங்க" என்றார் கையூம். சொல்லிவிட்டு முள்ளை இறக்கினார்.

அடுத்தது கலைவாணன். அவருடையது வழக்கம்போல மாமனார் விட்டுப்போன பிரெஞ்சுத் தட்டு. அதைக் கேட்டு மாமனார் தேம்பித் தேம்பி அழுவாராம். அதைச் சொல்லும்போதே கலைவாணனும் அழுதார்.

"பாட்டுல இன்னா சொல்றான் சார்?" என்றார் வடிவேல்.

"அது... உணரணும்ணே."

"சோப்பு விக்கிறானோ என்னவோ" என்று கையூம் முணுமுணுத்தார். கலைவாணன் சுவரில் இருந்த சட்டத்தைக் காட்டினார். எல்லோரும் சோப்பு முடியும்வரை மௌனமாக உணர்ந்தார்கள்.

வெளியே மேகம் மூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தது. மின்சாரம் ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு நிலைத்தது. வடிவேல் துணியைப் பிரித்தார்.

"உறையே இல்லையேண்ணே. என்ன படம்?" என்றார் கலைவாணன்.

"ஓடாத படம்."

"நினைவு?"

"போட்டுட்டுச் சொல்றேன் சார். இது எனக்கே முழுசா தெரியாது."

தெரு முழுதும் தன் ரசனையை அறிய வேண்டும் என்பதற்காகக் கலைவாணன் ஜன்னல்களைத் திறந்து, சத்தத்தைத் தாராளமாகவே வைத்திருந்தார். வடிவேல் முள்ளை இறக்கினார். கரகரப்பு. பிறகு அந்த வயலின்.

கையூமின் கை தாடியில் அப்படியே நின்றது. அவர் உதடுகள் ஏதோ ஓதத் தொடங்கின. கலைவாணன் முதலில் தலையை ஆட்டினார், பிறகு மெதுவாக ஆட்டுவதை நிறுத்தினார். அவர் பிறந்து வளர்ந்தது உப்பளத்தில். அவர் அப்பாவைத் தூக்கியது இதற்குத்தான். எழப்போனவரின் கண் சுவருக்குப் போனது. எழக்கூடாது. வாயைத் திறந்தார். பேசக்கூடாது. கை பிளேயரை நோக்கி நீண்டது. தொடக்கூடாது. தானே எழுதிய சட்டத்தின் மூன்று பிரிவுகளிலும் ஒரே நேரத்தில் சிக்கிக்கொண்ட மனிதர், நாற்காலியின் கைப்பிடியை மட்டும் பிசைந்தார். சுண்டல் தட்டோடு வந்த அவர் மனைவி சுமலதா நிலைப்படியிலேயே கல்லானாள். சுண்டல் ஒவ்வொன்றாக உருண்டு தரையில் விழுந்தது.

மூலக்குளத்தில் இப்போது குடியிருப்பவர்களில் பாதிப் பேர் உப்பளத்திலிருந்தும் குப்பத்திலிருந்தும் வந்தவர்கள். முதல் சரணத்தில் எதிர்வீட்டு டிவி நின்றது. இரண்டாவது சரணத்தில் தெருவில் செருப்புச் சத்தங்கள் கேட்டன. யாரோ யாரிடமோ, "கெழவியா? காலைல கூட இருமிச்சே!" என்றார்கள்.

வடிவேல் தெருச் சத்தம் எதையும் காதில் வாங்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது சரணம் முடிந்தது. பழக்கதோஷத்தில் வலதுகை தானாக முள்ளுக்குப் போனது. இடதுகையால் அதைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வா..." என்றது குரல்.

யாரும் எதையும் தூக்கவில்லை.

"வா..." என்றது மறுபடி. "வா... வா... வா..."

முள் மாட்டிக்கொண்டது. இத்தனை வருஷமாக, இத்தனை பிணத்துக்கும், இதே இடத்தில் முள்ளைப் பிடுங்கிப் பிடுங்கி, தட்டில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்துக்குள் நின்றுகொண்டு அந்தப் பெண் விடாமல் அழைத்தாள்.

"வா... வா... வா..."

"வரேன், வரேன். இருங்க" என்று உள்ளறையிலிருந்து பதில் வந்தது.

செல்வாம்பாளின் குரல். கட்டில் கிறீச்சிட்டது. மழைக்காலத்திலிருந்து தரையைத் தொடாத வாக்கரின் கால்கள் டக், டக் என்று ஹாலை நோக்கி நகரத் தொடங்கின. கலைவாணனின் முகத்தில் ரத்தம் இல்லை. அவர் கைகளைக் கூப்பி வடிவேலைப் பார்த்தார். ஒரு தூக்கு, அண்ணே. வழக்கமாத் தூக்குற மாதிரி. ஒரே ஒரு தூக்கு.

தூக்கியிருக்கலாம். வாழ்நாளெல்லாம் செய்த வேலைதான். ஆனால் இன்று தூக்கினால் இனி ஒருநாளும் கிடையாது. இந்த அவைக்குள்ளும் விடமாட்டார்கள். முள் மாட்டினால் அதன் தலையில் ஒரு நாணயத்தை வைத்தால் பாரத்தில் தாண்டிவிடும், அது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. முள்ளைத் தொடக்கூடாது என்றுதான் சட்டம். காசு வைக்கக்கூடாது என்று எங்கே இருக்கிறது? வடிவேல் சட்டைப்பையில் துழாவி ஓர் ஒற்றை ரூபாயை எடுத்து, மெல்லக் குனிந்து, முள்ளின் நெற்றியில் வைத்தார்.

வைத்த பிறகுதான், அப்படிக் காசு வைத்த எத்தனை பிணங்களின் நெற்றிகளைப் பார்த்திருக்கிறோம் என்பது அவர் நினைவுக்கு வந்தது.

முள் தாண்டியது. பெண்குரல் நின்றது. வயலினும் நின்றது. அதற்குப் பிறகு வந்தது ஓர் ஆண் குரல்.

அதுவரை அந்தத் தட்டில் ஓர் ஆண் இருப்பதே யாருக்கும் தெரியாது. களைத்த, வறண்ட குரல். நெடுந்தூரம் நடந்து வந்ததைப்போல மூச்சு வாங்கியது. பாடக்கூட இல்லை, பாதி பேச்சு. நீ கூப்பிட்டாயே, வந்துவிட்டேன் என்றது. ஏன் விளக்கை அணைத்தாய் என்றது. என் இடத்தில் வேறு பாய் விரித்திருக்கிறதே என்றது. நான்தான், வந்துவிட்டேன், கதவைத் திற.

வடிவேலின் தலைமயிர் எழுந்து நின்றது. அழுது அழுது ஊரே அனுப்பிவைத்த ஒவ்வொருவரையும் இந்தப் பாட்டு திரும்பி வரச் சொல்லியல்லவா அனுப்பியிருக்கிறது! வைத்திக்குப்பத்து முதல் மனிதர், மாடிவீட்டு அப்பா, அம்மாவாசை, எல்லோரையும். முள்ளைத் தூக்கித் தூக்கி இத்தனை காலமும் அவர்களை வாசலுக்கு அந்தப்பக்கம் நிறுத்திவைத்திருந்தது, வேறு யாருமல்ல, அவரே.

கதவைத் திற, என்றது தட்டு.

டொக், டொக் என்றது கலைவாணன் வீட்டு வாசற்கதவு.

ஒருவரும் அசையவில்லை. அது சட்டத்துக்குப் பயந்தா, வேறெதற்கா என்று அப்போது யாரும் ஆராயவில்லை. பாட்டு முடிந்தது. காசைச் சுமந்தபடி முள் வெற்றுப் பள்ளத்தில் இரைந்துகொண்டிருந்தது. இப்போது பேசலாம், எழலாம், தொடலாம். யாரும் பேசவில்லை, எழவில்லை, தொடவில்லை. மறுபடி டொக், டொக்.

டக், டக் என்று வாக்கர் ஹாலைக் கடந்தது. "கூப்பிட்டா பதில் சொல்ல மாட்டீங்களா? எல்லாம் செவுடா?" என்றபடி செல்வாம்பாள் போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள்.

வாசலில் எதிர்வீட்டு வெற்றிவேல், தெருமுனைக் கடையிலிருந்து அள்ளிவந்த ஆளுயர ரோஜா மாலையோடு நின்றார். பின்னால் தெருவே நின்றது. மாலை யாருக்கோ, அவளே கதவைத் திறந்து நிற்பதைப் பார்த்த வெற்றிவேல், "அம்மா!" என்று ஒரு சத்தம் போட்டார். மாலை அவர் கையிலிருந்து நழுவி, வாக்கரின் கம்பியில் மாட்டிக்கொண்டது. கூட்டம் பின்வாங்கிய வேகத்தில் இரண்டு ஸ்கூட்டர்கள் சாய்ந்தன.

"யாருடா செத்தது?" என்றாள் செல்வாம்பாள்.

அவள் திரும்பி ஹாலில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள், யாரென்று கண்டுபிடித்தே தீருவது என்பதுபோல. கண் கடைசியில் வடிவேலிடம் நின்றது. கொஞ்ச நேரம் நின்றது.

"ம்" என்று சொல்லிவிட்டு, மாலையோடு உள்ளே போனாள்.

கலைவாணன் அழுதுகொண்டே வடிவேலைக் கட்டிப்பிடித்தார். அத்தை நடந்துவிட்டாளே! ஆனால் கட்டிப்பிடித்த பிடியிலேயே அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். "அண்ணே, நீங்க இனிமே... வராதீங்க. தப்பா நினைக்காதீங்க." கையூம் ஒரு சின்ன அத்தர் குப்பியை வடிவேலின் பையில் போட்டார். சாவு வீட்டிலிருந்து தூக்கிப் போகப்படுகிறவர்களுக்குப் பூசக் கொடுப்பதுபோல.

விளக்கு வைக்கும் நேரம். மொபெட் இப்போது ஒரே மிதியில் கிளம்பியது. அது வடிவேலுக்குப் பிடிக்கவில்லை. வழியில் அந்த மடிந்த பேனரைப் பார்க்காமல் இருக்கத் தலையை இந்தப்பக்கம் திருப்பினார். இந்தப்பக்கமும் ஒரு பேனர். முகங்களில் பாதிப் பேர் அவருக்குத் தெரிந்தவர்கள், அவர் மூன்றாவது சரணத்தில் கழற்றிவிட்டவர்கள். பெட்டிக்குள் தட்டு, ஒவ்வொரு மேடுபள்ளத்துக்கும் மெதுவாகத் தட்டியது.

உப்பளத்தில் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கொசுவுக்காகக் குஞ்சம்மாள் தினமும் இந்த நேரத்தில் சாத்துவதுதான். உள்ளே விளக்கும் எரியவில்லை. அதுவும் இந்தப் பக்கத்தில் அடிக்கடி நடப்பதுதான், மின்சாரம் போயிருக்கும். வடிவேல் தட்டை மொபெட்டிலேயே விட்டுவிட்டு, படியேறி, இரண்டு தட்டு தட்டினார்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"யாரு?"

வடிவேல் வாயைத் திறந்தார். வழக்கமாக என்ன சொல்வார்? நான்தான் என்பார். வந்துட்டேன் என்பார். கதவத் தெற என்பார். தாலி கட்டிய நாளிலிருந்து இதே மூன்றுதான், அதில் ஒன்றைக்கூட இன்றுவரை மாற்றியதில்லை. இப்போது அந்த மூன்றும் தட்டிலிருந்த ஆணின் வார்த்தைகளாகவே நாக்கில் நின்றன.

"யாருன்னு கேக்கறன்ல? யாரது?"

அவர் கதவில் கைவைத்தபடி நின்றார். அந்தப்பக்கம் குஞ்சம்மாளின் காலடி வந்து, கதவுக்கு மிக அருகில் நின்றது. அவள் மூச்சுவிடுவதுகூடக் கேட்டது. அவர் மூச்சும் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். மொபெட்டில் வந்த மனிதருக்கு ஏனோ நெடுந்தூரம் நடந்து வந்தவரைப்போல மூச்சு வாங்கியது.

"பேசுனாத்தான் தெறப்பேன்" என்றாள் குஞ்சம்மாள். மேல்தாழ்ப்பாளையும் அவள் போடுகிற சத்தம் கேட்டது.